மழைக்கு முன்னால் வராத பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் வருவதற்கு முன்பே ஊர்களைத் தயார்படுத்த அரசுகள் தரும் மானியங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் பேரிடர் ஆயத்த நிதியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 2023 ஜூலையிலிருந்து ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 20 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. படித்து முடித்ததும் பெருமூச்சுதான் வந்தது. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்து 19 வருடம் ஆகிறது. இங்கே பணம் வரும், வராமல் இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்த அப்புறம்தான் வரும்.

ஃபீனிக்ஸில் குடியேற்றம் தொடங்கியதே ஒரு வெள்ளத்தால்தான். உம்கேனி ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம், டின் டவுன் என்ற இடத்தில் நம்மவர்கள் தகர வீடுகளில் இருந்தார்கள். 1976 மார்ச்சில் ஆறு வீடுகளுக்குள் வந்தது. அங்கிருந்து கிளப்பிக் கொண்டுவந்த குடும்பங்கள்தான் ஃபீனிக்ஸின் முதல் குடித்தனக்காரர்கள். என் மாமியார் அப்போது பதினாலு வயதுப் பெண். இன்றைக்கும் இரண்டு மணி நேரம் மழை விடாமல் அடித்தால் அவர் ஒரு காரியம் செய்வார். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்று வைத்திருக்கிறார். அதில் அடையாள அட்டைகள், வீட்டுப் பத்திரம், ஈமச்சடங்குக் காப்பீட்டுத் தாள், அவருடைய அப்பாவின் ஒரே ஒரு போட்டோ. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அலமாரி உச்சியில் ஏற்றிவிடுவார். அப்புறம்தான் தேநீர் போடுவார். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. 2022 வெள்ளத்துக்குப் பிறகு டப்பாவில் என் பாஸ்போர்ட்டும் சேர்ந்துகொண்டது.

அதே உம்கேனி 1917 அக்டோபரில் பெருக்கெடுத்தபோது மாரிமுத்து படவட்டானும் அவருடைய கூட்டாளிகளுமாக ஆறு மீனவர்கள் படகை இறக்கி, 170 பேருக்கு மேல் காப்பாற்றினார்கள். அந்தப் பெயரில் ஒரு படவு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். டர்பன் தமிழர்கள் பெருமையாகச் சொல்லும் கதை இது, சொல்லத்தான் வேண்டும். எனக்கு மட்டும் கூடவே ஒரு கணக்கு ஓடும். 1917இல் முங்கிய அதே கரையில் 1976 வரைக்கும் ஜனங்கள் குடியிருந்தார்கள். நடுவில் ஐம்பத்தெட்டு வருடம்.

சரி, 2022க்கு வருகிறேன். ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் மாகாணமான குவாசூலு-நேட்டாலில் பெய்த மழை உலகச் செய்தியானது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல். 430 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருந்தது. எங்கள் வீட்டில் வேப்பம்பூ எடுத்து வைத்திருந்தோம். எங்கள் தெரு மேட்டைத் தட்டுத்தட்டாக வெட்டிக் கட்டிய தெரு. மேல் வீட்டுக்காரரின் தடுப்புச் சுவர்தான் எங்கள் கொல்லைச் சுவர். அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன, மண்ணில் ஊறும் தண்ணீர் கசிந்து வெளியே வருவதற்காக. தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது அசிங்கமாக இருக்கிறதென்று சிமெண்ட் பூசி அடைத்தது நாங்கள்தான். பழியை வேறு யார் மேலும் போட முடியாது. ராத்திரி பதினொரு மணிக்குச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. என் கணவரும் மேல் வீட்டு அண்ணனும் கடப்பாரையால் ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்தார்கள். குழாயைத் திறந்த மாதிரி பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியது. சுவர் நின்றது. நாலு வீடு தள்ளி ஒரு சுவர் நிற்கவில்லை. நல்ல வேளை, அந்த அறையில் யாரும் படுத்திருக்கவில்லை.

தெருமுனை வடிகாலின் கதை வேறு. அதன் வாயில் இருந்த கம்பிவலை இரண்டு வருடமாகவே அடைத்துக் கிடந்தது. பிளாஸ்டிக் பை, குழந்தைகளின் டயாபர், ஒரு கார் டயர், அதற்கு மேல் மாமரச் சருகு. எங்கள் கோவில் மகளிர் குழு சார்பில் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு நானே மூன்று முறை எழுதினேன். இரண்டுக்குப் புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை. எந்த அலுவலகம் என்று இங்கே எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அன்று ராத்திரி தெருத் தண்ணீர் முழுக்க அந்த வாயைத் தாண்டி முனை வீட்டு வாசலுக்குள் போனது. மறுநாளிலிருந்து பதினெட்டு நாள் கோவில் கல்யாண மண்டபத்தில் நாற்பத்தாறு பேருக்குச் சமைத்தோம். உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் பிரியாணி அண்டாவோடு வந்தார்கள். ஒருத்தராவது மண்வெட்டியோடு வரவேண்டுமே!

பணம் எப்படி வந்தது என்று பாருங்கள். ஜனாதிபதி ராமபோசா உடனடியாக 100 கோடி ரான்ட் என்று அறிவித்தார். ஏப்ரல் 18இல் தேசியப் பேரிடர் நிலை பிரகடனம். இந்த நாட்டில் நகராட்சிகளுக்கு இதற்கென்று இரண்டு மானியங்கள் உண்டு. ஒன்று பேரிடர் எதிர்வினை மானியம், இன்னொன்று பேரிடர் மீட்பு மானியம். பெயரைப் பார்த்தாலே தெரியும், இரண்டும் எந்தப் பக்கத்தில் நிற்கின்றன என்று. முதலில் தேசியப் பேரிடர் மேலாண்மை மையம் நடந்ததைப் பேரிடர் என்று வகைப்படுத்த வேண்டும். சேதத்தை மதிப்பிட வேண்டும். விண்ணப்பம் போக வேண்டும். அந்த வருடத்து வெள்ள நிவாரணச் செலவை ஆடிட்டர் ஜெனரல் கையோடு தணிக்கை செய்து, உதவி சுணங்கியதை நாடாளுமன்றத்திலேயே சொன்னார். டொங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, பல மாதம் குழாயில் தண்ணீர் இல்லாமல் லாரிக்கு வாளியோடு நின்றார்கள். என் நாத்தனார் வீடு அங்கேதான். குளிக்க எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை உலகத்தில் பலர் பாராட்டியிருக்கிறார்கள், அது நியாயமும்கூட. நிவாரணத்தைவிடத் தடுப்பைத்தான் அது முன்னால் வைக்கிறது. அதன் 57ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு நகராட்சி மத்திய அரசிடம் மீட்புப் பணம் கேட்கும்போது, முன்கூட்டியே தடுப்பு வேலை ஏதாவது செய்தார்களா, செய்யவில்லை என்றால் ஏன் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாம்! அந்த ‘லாம்’ இருக்கிறதே, அதற்குள்தான் எங்கள் தெருமுனை வடிகால் அடைத்துக் கிடக்கிறது. அப்படியே கறாராகக் கேட்டாலும் தண்டனை யாருக்கு? வேலை செய்யாத அதிகாரிக்கா, முங்கின வீட்டுக்கா?

தடுப்புக்குப் பணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சியின் சிஹ்லான்சிம்வேலோ திட்டம் எனக்குப் பிடித்த ஒன்று. அந்தந்தப் பகுதி ஆட்களைக் கூட்டுறவுக் குழுக்களாகச் சேர்த்து, சம்பளம் கொடுத்து, ஓடைகளைச் சுத்தம் செய்ய வைக்கிறார்கள். சுமார் 300 கிலோமீட்டர் ஓடை இப்படிப் பராமரிப்பில் இருக்கிறது. புதர் வெட்டுவது, குப்பை எடுப்பது, மதகுக் குழாய்கள் அடைக்காமல் பார்ப்பது, அவ்வளவுதான் வேலை. ஓடையோரத்தில் குடியிருக்கிறவனுக்கே அந்த ஓடையில் கூலி கிடைக்கிறது என்பதுதான் இதில் விசேஷம். இன்னொன்று, பால்மியட் ஆற்றோரம் குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப் பகுதி. அங்கே குடியிருப்பவர்கள், மாநகராட்சி ஆட்கள், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ஆறு ஏறும் முன் எச்சரிக்கை போகும், ஜனங்கள் கிளம்பிவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவுக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

உங்கள் கட்டுரையில் போகிறபோக்கில் வந்த ஒரு வரியைத்தான் நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலிய நிதியில் விண்ணப்பிப்பவர் பொதுவாகப் பாதிச் செலவைத் தான் ஏற்க வேண்டும். ஆனால் அது ரொக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, உழைப்பாகவோ பொருளாகவோ இருக்கலாம். இந்த ‘லாம்’ நல்ல ‘லாம்’. அங்கேயும் விண்ணப்பம் மாநில அரசுகள் வழியாகத்தான் போகிறது, தெருக்காரன் நேராகப் போய்க் கேட்க முடியாது. அதனால் அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. உழைப்பைப் பங்காக எண்ணும் அந்த ஒரு விதி போதும்.

எங்களிடம் பணம் கிடையாது, ஆள் உண்டு. கோவில் பையன்கள், மசூதிப் பையன்கள், பக்கத்து இனாண்டாவிலிருந்து வரும் சூலு இளைஞர்கள் எல்லோரும் சேர்ந்து போன வருடம் மூன்று சனிக்கிழமை வேலை செய்து அந்தக் கம்பிவலையைத் தூக்கிச் சுத்தம் செய்தோம். கையுறைக்கும் குப்பை வண்டிக்கும்தான் காசு தேவைப்பட்டது. மகளிர் குழுவின் புரட்டாசி உண்டியலிலிருந்து எடுத்தோம். வார்டுக்கு ஒரு சின்னத் தொகையை, இங்கே கோடை மழை தொடங்கும் அக்டோபருக்கு முன்னால், இந்த மாதிரி வேலைக்கென்றே ஒதுக்கினால் என்ன? எங்கள் சனிக்கிழமைகளை எங்கள் பங்காக எழுதிக்கொள்ளட்டும். கணக்கைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லட்டும், ஒட்டுகிறோம். டெண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். டெண்டர் என்று வந்தால் கையுறை விலை எங்கே போய் நிற்கும் என்று இந்த நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உள்ளூர்ச் சேதியையே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை இந்த மானியங்களைப் பற்றி எழுதும்போது எத்தனை கோடி என்பதோடு, எந்த மாதத்தில் யார் கைக்கு வந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

மேல் வீட்டு அண்ணனின் தடுப்புச் சுவரில் இப்போது துளைகளில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் செருகியிருக்கிறோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு அந்தப் பக்கம் வெள்ளையடிக்க வேண்டாம் என்று மாமியார் உத்தரவு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃபீனிக்ஸ், டர்பன்.