எல்லையோர மாட்டு நோய்ச் செய்தி அன்றைக்கே எங்களுக்குக் கிடைக்க ஏற்பாடு வேண்டி மனு

அனுப்புநர்:
கறவை மாடு வளர்ப்போர்,
எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்துகள்,
சிற்றூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
பாலக்காடு.

பொருள்: கேரள – தமிழ்நாடு எல்லையோர ஊர்களில் கோமாரி (மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய்) உள்ளிட்ட கால்நடைத் தொற்று நோய்களை இரு மாநிலமும் சேர்ந்து கண்காணிக்கவும், நோய் பரவும் வழியை ஆய்வு செய்யவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறோம். எங்கள் வீட்டுப் பேச்சும் சந்தைப் பேச்சும் தமிழ்தான். குறை தீர்க்கக் கேட்கும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த உரிமையில் தருகிறோம். எல்லார் சார்பிலும் எழுதுவது நான். ஐந்து கறவையும் இரண்டு கிடாரியும் வைத்துப் பிழைக்கும் பெண்.

எங்கள் ஊர்ப் பக்கம் எல்லை என்பது பல இடங்களில் ஒரு தென்னந்தோப்பின் வேலிதான். கிழக்கே நாலு தோப்பு தாண்டினால் தமிழ்நாடு. என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான். சோளத்தட்டு அங்கிருந்து வருகிறது, சாணி வண்டி இங்கிருந்து போகிறது, சினைக்கு வராத மாடு இரண்டு பக்கமும் கைமாறுகிறது. செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சிச் சந்தை கூடும் நாள் என்றால் கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் ரோடுகளில் மாடு ஏற்றிய வண்டிகள் வரிசையாக வரும். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் பிறந்த மாடுகூட அந்த வழியாகத்தான் கேரளத்துக்குள் வருகிறது. மாடு வரும் வழியில்தான் நோயும் வருகிறது.

சென்ற ஐப்பசி மழையில் என் பட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை மூன்று மணி இருக்கும். கட்டுத்தறியில் சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்டது. கைவிளக்கோடு போய்ப் பார்த்தால் செவலை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கிறது. எச்சில் நூல் நூலாகத் தரைவரை தொங்குகிறது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி உதறியது. நாக்கைப் பிடித்து இழுத்தபோது மேல்தோல் உரிந்து என் கையோடு வந்துவிட்டது. வேளைக்கு ஒன்பது லிட்டர் கறந்த மாடு அன்று சாயந்திரம் இரண்டு லிட்டர் தந்தது. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெல்லம், தேங்காய்த் துருவல் அரைத்து நாக்கில் தடவினேன். குளம்புக்குக் குப்பைமேனியும் வேப்பிலையும் நல்லெண்ணெயில் காய்ச்சிப் போட்டேன். பெரிய மாடுகள் தப்பித்தன. நாலாம் நாள், ஒரு மாதமே ஆன கன்று பால் குடிக்க முட்டிக்கொண்டிருந்தது, அப்படியே சாய்ந்தது. அதன் வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை. சின்னக் கன்றுகளுக்கு இந்தக் கிருமி நேரே நெஞ்சுத் தசையைத் தாக்கும் என்று டாக்டர் பிறகு சொல்லித்தான் தெரிந்தது.

என்னை இன்றும் வதைப்பது வேறு. அதற்கு ஆறு நாள் முன்பே எல்லைக்கு அந்தப் பக்கம், என் நாத்தனார் வீட்டுத் தெருவிலேயே, மூன்று பட்டிகளில் கோமாரி வந்திருக்கிறது. அங்கே டாக்டர் வந்து பார்த்து எழுதிக்கொண்டும் போயிருக்கிறார். எனக்கு அது தெரிந்தது ஒரு சீர் வீட்டுப் பந்தியில், என் மாடு படுத்த பிறகு. முன்னமே தெரிந்திருந்தால் அந்தப் பக்கத்துத் தட்டு வண்டியை உள்ளே விட்டிருக்க மாட்டேன். பட்டி வாசலில் சலவைச் சோடாக் கரைசல் வைத்துக் கால் நனைத்து வரச் சொல்லியிருப்பேன். கன்றைத் தனியாகக் கட்டியிருப்பேன்.

என் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு அப்போது ஏழாவது மாதம். கோமாரி ஊசியின் காப்பு ஏறக்குறைய ஆறு மாதம்தான் என்பதால்தான் தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று என்று வைத்திருக்கிறார்கள். 2019 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. ஊசிக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் இந்தப் பக்கம் ஒரு மாதத்தில் சுற்று நடக்கிறது, அந்தப் பக்கம் வேறொரு மாதத்தில் நடக்கிறது. ஒரு பக்கத்து மாட்டுக்குக் காப்புக் குறைந்து வரும் நேரத்தில் மறுபக்கம் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் கிருமிக்கு எப்போதும் ஒரு பக்கம் இடம் கிடைத்துவிடுகிறது.

டாக்டர் என் மாட்டின் வாயிலிருந்து மாதிரி எடுத்தார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மழைக்கோட்டோடு வந்து, நான் டார்ச் பிடிக்க, சேற்றில் முட்டி போட்டு உட்கார்ந்து எடுத்தவர். அந்த மாதிரி எங்கே போனது, என்ன முடிவு வந்தது என்பது இன்றுவரை என் கைக்கு வரவில்லை. முடிவு எனக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நம் நாட்டில் கோமாரிக் கிருமி ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகையாகச் சுற்றுகிறது, மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஊசி. என் பட்டியில் வந்தது எந்த வகை, நாத்தனார் தெருவில் வந்தது அதே வகையா, ஊசியில் இருக்கும் இனத்தோடு அது ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் அந்தச் சின்னக் குப்பியில் இருக்கிறது. புவனேசுவரத்தில் இதற்கென்றே தேசிய நிறுவனம் வைத்திருக்கிறோம். அங்கே தெரிய வரும் விஷயம் மாட்டுக்காரருக்கும் திரும்பி வர வேண்டும்.

ஆட்சியர் அவர்களே, செய்தி சொல்வது சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டம் 4-ஆவது பிரிவில், பட்டியலில் உள்ள நோய் வந்ததாகச் சந்தேகம் வந்தாலே மாட்டுக்காரர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ சொல்லியாக வேண்டும் என்கிறது. நோய் கண்ட மாநிலத்தின் இயக்குநர் பக்கத்து மாநில இயக்குநருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, என் நாத்தனார் தெருவுச் செய்தி சென்னை போய், திருவனந்தபுரம் வந்து, பாலக்காடு இறங்கி, கடைசியில் எங்கள் ஊர் மிருகாசுபத்திரிக்கு வர வேண்டும். நடந்து போனால் அரை மணி நேரம் ஆகும் தெருவு அது. கோமாரி தொற்றிய மாடு எச்சில் விடத் தொடங்கும் முன்பே கிருமியை வெளியே விடுகிறது. தொற்றியதிலிருந்து இரண்டு நாளிலும் நோய் தெரியலாம், பதினான்கு நாளும் ஆகலாம். அதனால் சுற்றி வருகிற கடிதம் எத்தனை சரியாக எழுதப்பட்டாலும் எங்களுக்குப் பயன்படாது.

எங்கள் முதல் கோரிக்கை இதுதான், மற்றவை எல்லாம் இதற்குப் பிறகே. எல்லையின் இரு பக்கமும் உள்ள கால்நடை மருத்துவமனைகளின் டாக்டர்கள் நோய் சந்தேகம் வந்த அன்றைக்கே ஒருவருக்கொருவர் நேரடியாகத் தெரிவிக்கத் தாங்களும் கோயம்புத்தூர் ஆட்சியரும் சேர்ந்து ஒரு எழுத்து உத்தரவு போட வேண்டும். ஆய்வு முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. அந்தச் செய்தி அன்று சாயந்திரப் பால் ஊற்றும் நேரத்துக்குள் பால் சங்கத்துப் பலகையில் எழுதப்பட வேண்டும். நாங்கள் எல்லாரும் தினம் இரண்டு வேளை போகும் இடம் அது ஒன்றுதான்.

இப்படிச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் எங்களுக்கு இல்லை. 2024 ஏப்ரலில் குட்டநாட்டில் எடத்துவா, செருதன பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று உறுதியானதும் தமிழ்நாட்டுச் சோதனைச் சாவடிகளில் வண்டி டயருக்கு மருந்து தெளிக்கத் தொடங்கிவிட்டார்கள். கோழிக்கு நடக்கும் வேகம் மாட்டுக்கும் நடக்கட்டும். சாவடியில் டயரை நனைப்பதோடு அது நிற்கவும் கூடாது, எங்கள் மாடு சாவடி வழியாகப் போவதில்லை. தோப்பு வழியாகத்தான் போகிறது.

அறிவிப்பு தமிழிலும் வேண்டும். மலையாள நோட்டீசில் 'குளம்பு ரோகம்' என்று இருந்தால் எங்கள் வயதானவர்களுக்கு அது காணை என்றோ கோமாரி என்றோ பிடிபடுவதில்லை. 'சர்மமுழ' என்பதும் அந்தப் பக்கம் தோல் கழலை என்று சொல்வதும் ஒன்றே என்று எங்களுக்குத் தெரிந்ததே தாமதமாகத்தான். இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டால் போதும்.

அடுத்து ஆய்வு. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப் பரவியல் நிறுவனம் எந்த மாவட்டத்தில் எந்த நோய் வரக்கூடும் என்று இரண்டு மாதம் முன்பே கணித்துச் சொல்கிறது. நல்ல வேலை. ஆனால் கணக்கு மாவட்டவாரியாகப் போகிறது, எங்கள் நோயோ இரண்டு மாவட்டத்துக்கு நடுவில் நடமாடுகிறது. பூக்கோட்டில் தலைமையிடம் உள்ள கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகமும், அந்தப் பக்கம் உடுமலைப்பேட்டையில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து, சந்தையிலிருந்து பட்டிவரை மாடு எந்த வழியில் எத்தனை கை மாறி வருகிறது என்று ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்க்கக் கேட்கிறோம். ஊசி போட்டதால் வந்த எதிர்ப்பா, உண்மையில் நோய் தொற்றி வந்த எதிர்ப்பா என்று இரத்தத்தில் பிரித்துக் காட்டும் பரிசோதனை இருக்கிறது. எல்லை தாண்டி வரும் மாடுகளில் அதைச் செய்தால் எந்தப் பாதை ஆபத்தானது என்று கையில் கணக்கோடு தெரியும். தேறிய மாடுகூட மாதக்கணக்கில், சிலது அதற்கும் மேலே, தொண்டையில் கிருமியை வைத்திருக்கும் என்கிறார்கள். அப்படி எத்தனை மாடு எங்கள் பட்டிகளில் நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம்.

காது வில்லையையும், நாங்கள் கம்மல் என்போம், இந்த ஆய்வுக்குப் பயன்படுத்த வேண்டும். அதில் உள்ள பன்னிரண்டு இலக்க எண் இரு மாநிலத்துக்கும் பொதுவான தேசியப் பதிவில் ஏறுகிறது. எண்ணைத் தட்டினால் எப்போது ஊசி போட்டது என்று தெரிந்துவிடும். சந்தை மாடுகளில் பலவற்றுக்குக் காதில் ஓட்டை இருக்கிறது, கம்மல் இல்லை. கம்மல் இல்லாத மாட்டை வாங்கியவுடன் பதிந்து, புதிய கம்மல் போட்டு, பதினான்கு நாள் தனியாகக் கட்டச் சொல்லும் பழக்கத்தைச் சங்கங்கள் வழியாகக் கொண்டுவரலாம். அபராதம் என்று ஆரம்பித்தால் யாரும் சொல்ல மாட்டார்கள், மறைப்பார்கள். நோயைச் சொன்னவரிடம் சங்கம் பால் எடுப்பதை நிறுத்திவிடும் என்ற பயம் இங்கே நிறைய இருக்கிறது. சொன்னவருக்கு அந்த நாட்களுக்கு ஏதாவது தீவன உதவி கிடைத்தால் முதல் பட்டியிலேயே செய்தி வெளியே வரும்.

ஊசிச் சுற்றை இரு பக்கமும் ஒரே வாரங்களில் வைக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்கிறோம். வெட்டுக்கிளிபோல் ஊர் ஊராக மாடுகளை அழித்த வெக்கை நோயைப் பற்றி என் மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது 1995-இல். ஊசி போட்டு முடித்த பிறகும் ஆட்கள் ஊர் ஊராகப் போய், வீடு வீடாக விசாரித்துத் தேடித்தான் அது இல்லை என்று உறுதி செய்தார்கள். 2011-இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அந்தத் தேடலை எங்கள் எல்லை ஊர்களில் கோமாரிக்கும் செய்யுங்கள்.

ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயையும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கோருகிறோம். 2021-இல் ஆனைகட்டிப் பக்கம் ஒரு யானையும், 2022-இல் அதிரப்பள்ளிக் காட்டில் பன்றிகளும் அதனால் செத்தன. அது மாட்டோடு மனிதரையும் தாக்கும். காட்டோர ஊர்களில் திடீரென்று செத்த மாட்டை அறுக்கக் கூடாது என்பதைக்கூடத் தமிழில் எழுதி ஒட்டியதாக நாங்கள் பார்த்ததில்லை.

தங்கள் அலுவலகத்தில் இரு மாவட்டக் கால்நடைத் துறை அலுவலர்களையும் பால் சங்கத்தாரையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார வைத்தால் முதல் கோரிக்கையை அன்றே முடித்துவிடலாம் என்று நம்புகிறோம். எந்த நாள் என்று சொல்லுங்கள். காலைப் பால் ஊற்றிவிட்டு எங்களில் பத்துப் பேர் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
கையொப்பமிட்டுள்ள கறவை மாடு வளர்ப்போர் சார்பில்.

இடம்: எருத்தேம்பதி

இணைப்பு: கையொப்பத் தாள்கள், நோய் கண்ட பட்டிகளின் பட்டியல், நாள்வாரியாக.

நகல்: மாவட்ட ஆட்சியர், கோயம்புத்தூர், இரு மாவட்டக் கால்நடைத் துறை அலுவலர்கள்.