தையல்காரம்மா கண்டுபிடித்தது

அன்புள்ள கமலா,

பொங்கலுக்கு நீ போட்ட நீளமான கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேத்திக்குப் பேர் வைத்தாயிற்றா? அண்ணாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தோலில் லிம்போமா, நிணநீர் செல்களில் வரும் புற்றுநோய். உடனே போனை எடுக்காதே. முழுசாகப் படி.

கண்டுபிடித்தது நானல்ல, என் தையல்காரம்மா. பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது டேப்பை அப்படியே நிறுத்தி, "முதுகுல என்னம்மா இது, நாவப்பழம் மாதிரி?" என்றாள். ஒரு வருஷமாக அங்கே தடிப்பு இருந்தது எனக்குத் தெரியும். கை எட்டாத இடம். முதலில் வேர்க்குரு என்றேன், அப்புறம் மயிர்க்கால் புண் என்று களிம்பு தடவினேன். அரிப்பில்லை, வலியில்லை, செதிலும் இல்லை. இதே கதையை ஒரு நோயாளி சொல்லியிருந்தால் என்ன திட்டு திட்டியிருப்பேன்!

இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நடுவே ஒரு கட்டி, சுற்றிலும் சின்னச் சின்னப் பருக்கள். க்ரோஸ்டி என்ற இத்தாலியர் 1951-இல் எழுதி வைத்த அதே முதுகு. பாவம், பி செல் என்ற வெள்ளணு வகையே தெரியாத காலம், அவர் அதை ஹிஸ்டியோசைட் என்ற வேறு வகை செல் என்று நினைத்துவிட்டார்.

வட்டக் கத்தியால் தோல் துண்டு எடுக்கும் முதல் பஞ்ச் பயாப்ஸி வீண். மேலோட்டமாக எடுத்ததில் செல்லெல்லாம் நசுங்கி மை தீற்றிய மாதிரி இருந்தது. இந்த வியாதி ஆழத்தில்தான் குடியிருக்கும், கொழுப்பு வரை போய் எடுக்க வேண்டும். இரண்டாவது முறை கத்தி வைத்தே எடுத்தார்கள். ஸ்லைடு வந்ததும், பத்தாலஜிஸ்ட்டான நானே பார்த்துவிடக் கூடாதென்று என் ஜூனியர் ட்ரேயை ஒளித்து வைத்தான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்தேன்.

மேல்தோல் சுத்தமாக இருந்தது. அதற்குக் கீழே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய கரை, க்ரென்ஸ் ஸோன். அதற்கும் கீழே நீலமாக ஒரே கூட்டம். மேல்தோலைக் குடையவே இல்லை, அதனால் மேல்தோலுக்குள் புகும் டி செல் லிம்போமாவான மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் நினைப்பை விட்டேன். அடுத்து, செல்லில் உள்ள புரதங்களைக் காட்டும் ஸ்டெயின்கள். பி செல்லைக் காட்டும் சிடி20 பழுப்பாக ஏறியிருந்தது, ஃபாலிக்கிள் சென்டர் செல்லைக் காட்டும் பிசிஎல்6-உம் அப்படியே. மம்1 இல்லை. கடைசியாக பிசிஎல்2. லென்ஸை மாற்றும்போது விரல் நடுங்கியது, கமலா. அது பளிச்சென்று ஏறியிருந்தால் நிணநீர்க்கணுவிலிருந்து தோலுக்கு வந்ததோ என்று தேட வேண்டியிருக்கும். பெரிய செல்களில் மம்1-உம் சேர்ந்து ஏறியிருந்தால் லெக் டைப் என்ற மோசமான வகை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பாட்டியம்மாவின் காலிலிருந்து வந்த துண்டுக்கு அந்த ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன். நீலச்சிவப்புக் கட்டிகள், இரண்டு மாதத்தில் வளர்ந்தவை. அதில் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் பாதிப் பேர்தான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு எனக்கு அது வெறும் நல்ல கேஸ்.

என் ஸ்லைடில் பி செல்கள் பிசிஎல்2-இல் வெறுமையாக இருந்தன. இடையிடையே சின்ன டி செல்கள் மட்டும் பழுப்பாக நின்றன. ஸ்டெயின் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி, அவற்றைப் பார்த்த பிறகே மூச்சு விட்டேன். ஆக, ஃபாலிக்கிள் சென்டர் லிம்போமா, மெதுவாக நகரும் சாது வகை. ஆனாலும் தோலிலேயே பிறந்தது என்று ஸ்லைடை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாதே. உடம்பு முழுக்கத் தேடும் பெட் ஸ்கேனின் ரிசல்ட் வரும் வரை மூன்று ராத்திரி தூக்கமில்லை. அக்குளைத் தடவித் தடவி இல்லாத கணுவையெல்லாம் கண்டுபிடித்தேன். ஸ்கேனில் வேறெங்கும் ஒன்றுமில்லை.

இதில் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர். சுமார் மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வரும், பெரும்பாலும் தோலிலேயே. வந்தாலும் ஆளைக் கொண்டுபோவது அபூர்வம். கீமோ வேண்டாம், கதிர்வீச்சு மட்டும்: மொத்தம் 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 12 நாள். இன்றைக்கு ஐந்தாவது. மெஷினுக்கு அடியில் குப்புறப் படுத்திருக்கும்போது நம் வாத்தியார் பூதம் சார் "ஸ்லைடைப் பார்க்காதே, ஆளைப் பார்" என்று கத்தியதுதான் ஞாபகம் வருகிறது. சிரிப்பை அடக்கியதில் ஆடிவிட்டேன் என்று டெக்னீஷியன் பையன் கோபித்துக்கொண்டான்.

உன் கிளினிக்கில் முதுகு வலி என்று வருகிறவர்களின் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறாயா, இல்லை துணிக்கு மேலேயே ஸ்டெத்தை வைக்கிறாயா? உண்மையைச் சொல்.

தையல்காரம்மா உரசாமல் இருக்க லைனிங் இல்லாத பருத்தி பிளவுஸ் இரண்டு தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்க மாட்டேன் என்கிறாள். நீ வரும்போது அவளுக்கும் ஒரு டப்பா முறுக்கு எடுத்து வா.

உன்,
சரோஜா