செங்குத்து அணியை மனப்பாடப் பகுதியாக வைக்க வேண்டாம்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் சோதனைப் பாடத்தை வகுக்கும் குழுவினருக்கு வணக்கம்.

ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு காரணியாகவும் (மாற்றிப் பார்க்கும் அமைப்பு), ஒவ்வொரு வரிசையும் ஒரு சோதனையாகவும் இருந்து, எந்த இரு காரணிகளின் மதிப்பு இணைகளும் சம எண்ணிக்கையில் வரும்படி அமைந்த அட்டவணையே ஆர்த்தகனல் அரே என்னும் செங்குத்து அணி. வேலைக்கு வரும் புதிய பட்டதாரிகள் பலர், இவற்றுள் ஒன்பது வரிசைகள் கொண்ட 'எல்9' அட்டவணையைப் பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதில் எந்த இரு நெடுவரிசைகளை எடுத்தாலும் ஒன்பது இணைகளும் தலா ஒரு முறை வருகின்றனவா என்று விரல் வைத்து எண்ணிப் பார்த்தவர் அரிது. மூன்று மதிப்புகள் கொண்ட நான்கு காரணிகளுக்குரிய 81 சேர்க்கைகளை 9 சோதனைகளாகச் சுருக்குவது அந்தப் பண்புதான்.

1940களில் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் வகுத்த இக்கருத்தைத் தொழிற்சாலைகளில் பரவலாக்கியவர் ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சி. அங்கே ஒவ்வொரு காரணியின் சராசரி விளைவை அளக்க வேண்டியிருப்பதால், ஒவ்வோர் இணையும் சம எண்ணிக்கையில் வருவது அவசியமாகிறது. மென்பொருளிலோ பிழை வெளிப்படுகிறதா என்பதே கேள்வி. ஆகவே ஓர் இணை ஒரு முறையேனும் வந்தால் போதும். இந்த வேறுபாட்டைப் பாடம் சொல்வதில்லை என்பதே என் முதன்மையான குறை. மூன்று மதிப்புகள் கொண்ட 13 காரணிகளுக்குச் செங்குத்து அணி 27 சோதனைகளைக் கேட்கிறது. சமநிலையை விட்டுக்கொடுத்து, ஒவ்வோர் இணையும் ஒரு முறையேனும் வருவதை மட்டும் உறுதிசெய்யும் கவரிங் அரே என்ற அட்டவணைக்கு 15 போதும்.

அணியின் எல்லையை நான் அறிந்தது ஒரு பணம் செலுத்தும் திரையில். கூப்பன், பணப்பை இருப்பு, தவணை ஆகிய மூன்றையும் 'இல்லை' என்றால் 0, 'உண்டு' என்றால் 1 எனக் குறித்து, 000, 011, 101, 110 என்ற 'எல்4' அணியின் நான்கு வரிசைகளால் சோதித்தோம், நான்கும் தேறின. வெளியீட்டுக்குப் பின் ஒரு வாடிக்கையாளர் மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தபோது, கட்ட வேண்டிய தொகை கழித்தல் குறியோடு வந்து நின்றது. எல்லா இணைகளையும் தொட்ட எங்கள் அட்டவணையில் 111 என்ற வரிசையே இல்லை என்பதை அன்று மாலைதான் கவனித்தோம்.

நடைமுறையில் பொருந்தாத சேர்க்கைகளும் உண்டு. ஐபோனில் ஆண்ட்ராய்டு இயங்காது என்று ஒரு வரிசையை அடித்துவிட்டால், அதே வரிசை சுமந்த மற்ற இணைகளும் சோதிக்கப்படாமல் போகின்றன. மாணவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

எனவே தேர்வில் அட்டவணையை எழுதச் சொல்லும் வினாவை நீக்கி, ஓர் 'எல்4' அணியைக் கொடுத்து, அது தவறவிடும் பிழையொன்றைத் தாங்களே அமைத்துக் காட்டும்படி மாணவர்களைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பணியாளர் ஒருவர்