அமிர்தி அருவியைப் பாதுகாப்பாகப் பார்க்க வழி செய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்
கணியம்பாடி ஒன்றியப் பொதுமக்கள்,
வேலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: அமிர்தி அருவியில் காட்சி மேடையும் வெள்ள எச்சரிக்கை ஏற்பாடும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. உயிரியல் பூங்காவுக்கு வருகிறவர்களுக்கு அருவியைப் பார்க்காமல் திரும்ப மனம் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அருவிக்கு அழகு. பாறை வழுக்குவதும் அப்போதுதான். இளவட்டங்கள் பாறைக்குப் பாறை தாவிப் போகிறார்கள். வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டுமே மாற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மனு.

எங்களில் சிலருடைய குடும்பங்கள், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஊர் திரும்பியவை. உறவுக்காரர்களைப் பார்க்க இன்றும் அங்கே போய்வருகிறோம். ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் சாலையில், பஸ்ஸில் இருந்தபடியே 97 மீட்டர் உயர டெவோன் அருவி தெரியும். அப்புறம் 80 மீட்டர் சென் கிளயர் அருவி. நடுவே பள்ளத்தாக்கு இருப்பதால் யாரும் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டியதில்லை. சாலையோரம் நின்று பாட்டிமாரும் கண்குளிரப் பார்க்கிறார்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தால் சென் கிளயர் வற்றிவிடும் என்று எதிர்ப்பு எழுந்ததால், பகலில் அருவிக்கென்று தண்ணீர் விட ஏற்பாடு செய்தார்கள். மக்கள் கண்ணால் பார்ப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்ட செயல் அது.

அமிர்தி அவ்வளவு பெரிய அருவி இல்லை, சாலையோரத்திலும் இல்லை. அது காடு, காடாகவே இருக்க வேண்டும். அங்கிருந்து வரும் தண்ணீர்தான் நாகநதியாகக் கீழே இறங்கி எங்கள் கிணறுகளுக்கு ஊற்றாகிறது. அதனால் கடையோ கட்டடமோ நாங்கள் கேட்கவில்லை. அருவி கண்ணில் படும் இடத்தில், வெள்ளம் ஏறாத மேட்டில், கைப்பிடி வைத்த ஒரு காட்சி மேடையும், அதுவரை வழுக்காத படிகளும் போதும்.

எங்களுக்கு இதைவிடப் பெரிய கவலை காட்டாற்று வெள்ளம். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை திடீரென்று வந்து இறங்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. இங்கே அப்படி ஒன்று நடந்த பிறகு ஓடிவருவதில் பயனில்லை. மலையூர்களில் மழை பிடித்ததும் கீழே தகவல் வரவும், சங்கு ஊதி எல்லோரையும் மேடேற்றவும் ஆள் வேண்டும். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியின் இளைஞர்களுக்கே மழைக்காலத்தில் இந்த வேலையைக் கூலியோடு தரலாம். வானம் கறுத்தால் ஓடை எப்போது பெருகும் என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தடைப் பலகை வைத்து மூடிவிடுவது சுலபம். ஆனால் காட்டுக்குள் சுற்றிக்கொண்டு போகிறவர்களை அந்தப் பலகை காப்பாற்றாது.

ஆகவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் தாங்கள் மாவட்ட வன அலுவலருடன் அமிர்திக்கு நேரில் வந்து இடத்தைப் பார்வையிட்டு, இவற்றுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். வரும் நாளைத் தெரிவித்தால் ஊர்ப் பெரியவர்களும் உடன் வந்து, வெள்ளம் எதுவரை ஏறும் என்று காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணியம்பாடி ஒன்றியப் பொதுமக்கள்