தொழில் தொடங்கிய பிறகும் பயிற்சி தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் நடைபெறும் வேலைவாய்ப்பு முகாம்கள், திறன் மேம்பாட்டுப் பயிற்சிகள், சுயதொழில் கடன் முகாம்கள் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. தக்கலையில் சிறு வியாபாரிகளுக்கும் வீட்டோடு தொழில் செய்வோருக்கும் நெடுங்காலமாக வரவு செலவுக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், இந்தப் பயிற்சிகளில் விடுபட்டுப் போகும் ஒரு பகுதியைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்கும் மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். பொருளைச் செய்வதற்கு நாம் நன்றாகவே கற்றுக் கொடுக்கிறோம். அதற்கு விலை போடவும், விற்ற பணத்தை வசூலிக்கவும், எந்தச் சட்டம் எப்போது தம்மைத் தொடும் என்று அறிந்துகொள்ளவும் கற்றுக் கொடுப்பார் இல்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் இது, விழுக்காடு 91.75. பொறியியல் படித்தவர் இல்லாத தெருவை இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, சேமிப்போடும் ஒரு யோசனையோடும் ஊர் திரும்பும் இளைஞர்கள் பலர். உழைப்புக்கு அவர்கள் அஞ்சுவதில்லை. அவர்கள் செய்யும் பொருளிலும் குறை சொல்ல முடிவதில்லை. அப்படியிருந்தும் அவர்களில் பலர் இரண்டு ஓணம் தாண்டுவதற்குள் தொழிலை மூடிவிடுவதை என் மேசையில் வந்து விழும் பில் கட்டுகளின் வழியாகப் பார்க்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டு. என்னிடம் கணக்கு எழுதக் கொடுக்கும் இளைஞர் ஒருவர் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறார். மெல்லிய சீவல், நல்ல நிறம், சுத்தமான தேங்காய் எண்ணெய் என்று சரக்கு அருமையாக இருக்கும். கிலோ 320 ரூபாய்க்குக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். தோல், நீர் எல்லாம் கழிந்து ஒரு கிலோ சிப்ஸ் கிடைக்க ஏறத்தாழ மூன்றரை கிலோ காய் வேண்டும். காய் கிலோ 40 ரூபாய் என்றால் 140 ரூபாய். வறுபடும்போது சிப்ஸ் குடிக்கும் எண்ணெய் கால் கிலோவுக்குக் குறையாது; கிலோ 400 ரூபாய் என்றால் அதில் 100 ரூபாய். ஆக, அடக்கம் 240 ரூபாய், கையில் நிற்பது 80 ரூபாய் என்று அவர் நம்பியிருந்தார். எரிவாயு, சீவும் பெண்களின் கூலி, பிளாஸ்டிக் பை, பஸ்ஸில் அனுப்பும் பார்சல் கட்டணம், உடைந்து தூளாகும் சேதாரம், சிக்கு வாடை அடிக்கிறது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பும் பாக்கெட்டுகள், அடுப்படியில் நிற்கும் தமது சொந்தக் கூலி ஆகிய எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. ஓணம் நெருங்க, கேரள வியாபாரிகள் குலைக்கு வந்து நின்றார்கள். காய் 60 ரூபாய்க்கு ஏறியது. காயும் எண்ணெயும் மட்டுமே 310 ரூபாயைத் தொட்டுவிட்டன. ஆண்டிலேயே அதிகம் விற்ற அந்த மாதத்தில்தான் அவருக்கு அதிக நட்டம். பக்கத்துக் கடை என்ன விலைக்கு விற்கிறது என்று பார்த்து விலை வைத்தாரே தவிர, தம் அடக்கம் என்ன என்று பார்த்து விலை வைக்கவில்லை. இயந்திரவியலில் நல்ல மதிப்பெண் பெற்றவர் அவர்; எளிய கூட்டல் கழித்தல்தான் இது; ஆனால் எதையெல்லாம் கூட்ட வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கென்று தனியே ஒரு சிக்கலும் உண்டு. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை பொருள் விற்போருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நம்பி, களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக் கடைக்கும் திருவனந்தபுரம் கடைக்கும் சரக்கு அனுப்புகிறார்கள். வரிக்குட்பட்ட பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, விற்பனைத் தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாழைக்குலையாக ஏற்றி அனுப்பும்வரை வரி இல்லை, பதிவும் வேண்டாம். அதே காயை வறுத்துப் பையில் அடைத்து அனுப்பினால் பதிவு வேண்டும். குறைந்த வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தவர்களோ மாநிலம் விட்டு மாநிலம் விற்கவே முடியாது. மதுரையிலோ சேலத்திலோ தொழில் செய்பவர் இதை முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டியதில்லை. மார்த்தாண்டத்தில் தொழில் தொடங்குபவர் முதல் பாக்கெட்டை ஒட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

வசூல் இன்னும் கடினமானது. பில் புத்தகங்களைப் புரட்டினால் பல பில்களில் தேதி இருக்காது. சரக்கைப் பெற்றவரின் கையெழுத்தும் இருக்காது. 'பாக்கி' என்ற சொல்லும் ஒரு தொகையும் மட்டுமே இருக்கும். குறு, சிறு உற்பத்தியாளர்களிடம் பொருள் வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி சேரும். இந்தப் பாதுகாப்பைக் கேட்டுப் பெற வேண்டுமானால் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முன்கூட்டியே செய்திருப்பது நல்லது; அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. சரக்கு எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்று காட்ட ஒரு தாளும் வேண்டும். தேதியில்லாத பில்லை வைத்துக்கொண்டு எந்த மன்றத்தில் போய் நிற்பது? சட்டம் துணைக்கு நின்றும், ஒரு கையெழுத்து வாங்கக் கூச்சப்பட்டதால் உழைத்த பணத்தை இழந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திறன் மேம்பாட்டுத் திட்டம் மாணவர்களுக்குப் பயனளிக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் கடன் பெறுவோருக்குத் தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு. ஆனால் இவையெல்லாம் தொழிலுக்குள் நுழைவதற்கு முன் நடப்பவை. அடக்க விலையையும் கடன் பாக்கியையும் பற்றிய வகுப்பில், இன்னும் ஒரு பொருளைக்கூட விற்றிராதவருக்குக் கேட்பதற்குக் கேள்வியே இருக்காது. ஆறு மாதம் கழித்துக் கேள்விகள் குவியும்போது, கேட்பதற்கு இடம் இருக்காது. மேடைப்பேச்சும் தன்னம்பிக்கை உரைகளுமாக ஒருநாள் பொழுதைக் கழித்து, சான்றிதழோடு அனுப்பிவைக்கும் முகாம்களால் இந்தக் குறை தீராது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கரின் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ இளைஞர் சங்கம் நடத்திய கிராம மறுசீரமைப்பு மையம், தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் கற்றுத் தந்ததோடு, தேனையும் முட்டையையும் கூட்டாகச் சேர்த்து விற்கும் வழியையும் சேர்த்தே கற்றுத் தந்தது. மார்த்தாண்டம் தேன் இன்றும் பெயரோடு நிற்பதற்கு, வளர்ப்பும் விற்பனையும் ஒரே பாடமாக இருந்தது ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு வேண்டுகோள். நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது; மாலையில் அதன் வகுப்பறைகளைப் பயன்படுத்தலாம். மேற்கு வட்டங்களில் இருப்பவர்கள் கடையை அடைத்துவிட்டு அங்கே வந்துபோவது சிரமம் என்பதால் மார்த்தாண்டத்திலும் ஓர் இடம் வேண்டும். ஏற்கெனவே தொழில் நடத்துபவர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினரையும் சேர்த்து, வாரம் ஒரு மாலை தங்கள் பில் புத்தகத்தோடு வந்து உட்காரட்டும். தோவாளைப் பூ வியாபாரிக்கும் வடசேரி நகைப் பட்டறைக்காரருக்கும் மயிலாடிச் சிற்பிக்கும் கணக்கு ஒரே மாதிரி இருக்காது. பூ மாலைக்குள் வாடிவிடும், கல் ஆண்டுக்கணக்கில் முதலீட்டை முடக்கும். அதனால் பாடம் சொல்ல, அந்தந்தத் தொழிலில் நின்று நிலைத்தவர்களையே அழைக்க வேண்டும். அவர்களோடு வணிக வரித்துறை அலுவலர் ஒருவரும் வங்கி அலுவலர் ஒருவரும் முறைவைத்து வந்தால் போதும். பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாத ஏற்பாடு இது. என்னைப் போன்று கணக்கு எழுதுவோர் மாவட்டம் முழுவதும் இருக்கிறோம். அழைத்தால் ஊதியம் எதிர்பாராமல் நான் வருவேன். சக தொழிலினர் பலரும் வருவார்கள் என்று நம்புகிறேன். வரும் ஓணத்துக்கு முன்பாக ஓரிடத்திலாவது இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வரிக் கணக்கு ஆலோசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.