எதிலீன் ஒக்சைட் அறையில் வேலை செய்பவர்கள் கவனத்துக்கு

கொழும்பு வைத்தியசாலைகளில் தொற்றுநீக்கும் பிரிவில் இருக்கிற நம்மவர்களுக்கு இது. கருவிகளைத் தொற்றுநீக்கப் பயன்படும் வாயுதான் எதிலீன் ஒக்சைட். அது மணக்கவில்லையே என்று நம்பியிருக்காதீர்கள். மூக்குக்குத் தெரியவே சில நூறு பிபிஎம் (காற்றின் பத்து இலட்சம் பங்கில் சில நூறு பங்கு) வேண்டும். அமெரிக்காவில் 8 மணி நேர வேலைக்கான உச்சவரம்போ வெறும் 1 பிபிஎம். மரபணுவையே தாக்கும் வாயு, புற்றுநோயும் தரும். சர்ஜிகல் மாஸ்க் இதற்கு ஆகாது.

மெஷின் நின்றதும் பொதிகளை அள்ளாதீர்கள். பொதிகளில் தங்கிய வாயு வெளியேறக் காற்றேற்றும் நேரம் முழுதும் போகட்டும். 'தியேட்டரில் அவசரமாம்' என்பார்கள், சரி, காத்திருக்கட்டும்.

கர்ப்பமாக இருக்கும் தங்கச்சிமார், பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள் பொறுப்பாளரிடம் சொல்லி வேறு வேலைக்கு மாறுங்கள். கருச்சிதைவோடு இதற்குத் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. தம்பிமாரும் சிரிக்க வேண்டாம். எலிகளில் விந்தணுவையும் கெடுத்திருக்கிறது.

உங்கள் அறையில் வாயு அலாரம் வேலை செய்கிறதா? இங்கேயே எழுதுங்கள்.