ஜல்லிப் பாத்தியில ஒரு பிடி கீரை

மக்களே,

ஞாயிற்றுக்கிழமை நீ போன்ல கேட்டதுக்கு அப்பவே பதில் சொல்ல முடியல. முற்றத்துல மீன் வாங்க ஆள் நின்னாங்க, தராசு என் கையில இருந்தது. "இன்னொரு மீன் தொட்டி கட்டும்மா, பணம் நான் அனுப்புறேன்"னு சொன்னே. ராத்திரி முழுக்க அதையே நினைச்சுக் கிடந்தேன். தொட்டி வேண்டாம் மக்களே. ஏன்னு போன்ல சொன்னா பாதியில லைன் போயிரும், அதான் எழுதுறேன்.

மீன் தொட்டித் தண்ணியிலயே கீரை வளக்குற நம்ம ஜல்லிப் பாத்தியை நீ இன்னும் நேர்ல பாக்கல. தொட்டிக்குக் கிழக்கே, செந்துளுவன் வாழை நின்ன இடத்துல, எட்டடிக்கு நாலடி. ஒரு அடி ஆழத்துக்கு கருங்கல் ஜல்லி. மோட்டார் தொட்டித் தண்ணிய அதுல ஏத்தும், ஜல்லி வழியா அரிச்சு இறங்கித் திரும்பத் தொட்டிக்கே வரும். முன்னெல்லாம் வாரத்துக்கு மூணு தடவை அடித்தண்ணிய வாழைக்குத் திறந்து விடுவேன்ல, இப்ப ஒரு தடவை போதும். ஏப்ரல்ல கிணறு அடி தெரிஞ்சப்போ அது எவ்வளவு பெரிய உபகாரம்னு எனக்குத்தான் தெரியும்.

தண்ணி ஓடினா செடி வளந்துரும்னுதான் நானும் நினைச்சேன். முதல் மாசம் தண்டங்கீரை நூலு மாதிரி நின்னது. மீன் செவுள் வழியா விடுற அம்மோனியா மீனுக்கே விஷம். ஜல்லியில ஒட்டி வளருற ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு அதை நைட்ரேட்டா மாத்தும். அந்த நைட்ரேட்தான் செடிக்குச் சாப்பாடு. இது ரெண்டும் நிலைக்கவே நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும். ஆறாவது வாரம் ஒரு கல்லை எடுத்துப் பாத்தேன். பழுப்பு நிறத்துல வழுவழுன்னு படலம், மோந்தா மழை பெஞ்ச மண்ணு வாசம். அப்பா அழுக்குன்னு நினைச்சு ஒரு கூடை ஜல்லியைக் கழுவப் போனாரு. ஓடிப்போய்த் தடுத்தேன். அந்த வாரமே கீரை இலை கரும்பச்சையா விரிஞ்சுது.

மார்ச்ல நான் பண்ணின தப்பைச் சொல்லணும். மீன் தொட்டி ஓரத்துல உடம்பை உரசிக்கிட்டு இருந்தது. இத்தனை வருஷப் பழக்கம், கை தானா உப்புச் சாக்குக்குப் போச்சு. 5000 லிட்டர் தண்ணியில 10 கிலோ கல்லுப்பு. மீன் தெளிஞ்சுது. நாலாம் நாள் புதினாவும் வெண்டையும் இலை ஓரம் தீயில காட்டின மாதிரி கரிஞ்சு சுருண்டுச்சு. தண்டங்கீரை மட்டும் தாங்கிக்கிச்சு. உப்பு ஆவியாப் போகாது, செடியும் அதை இழுத்துத் தீர்க்காது, தண்ணிய மாத்தினாத்தான் உண்டு. பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா இறைச்சுத் தென்னை மூட்டுல விட்டோம். தென்னைக்கு உப்பு கேடில்ல. இனி நோவு வந்த மீனைத் தனியா அண்டாவுல விட்டுத்தான் உப்பு போடுவேன். பயத்தங்கொடியில அசுவினிப் பூச்சி வந்தப்போ அப்பா புகையிலைக் கஷாயம் அடிக்கச் சொன்னாரு. அதுவும் ஆகாது, இலையில அடிக்கிறது சொட்டித் தொட்டிக்குத்தானே வரும், புகையிலை மீனைக் கொன்னுரும். வெறுந்தண்ணிய வச்சுக் கையாலயே உருவி எடுத்தேன்.

நம்ம கிணத்துத் தண்ணி கொஞ்சம் புளிப்பு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய இன்னும் புளிக்கும், புளிப்பைக் காட்டுற பி.எச். அளவு ஆறுக்குக் கீழே போனா பாக்டீரியாவே மந்தமாயிரும். கடியபட்டணம் மாமி வீட்டுல சிப்பி உடைச்ச ஓட்டை வாங்கி, உப்புப் போகக் கழுவி, நொறுக்கி, சின்னச் சாக்குல கட்டித் தண்ணி விழுற இடத்துல போட்டிருக்கேன். புளிப்பு ஏறினா அது கரையும், இல்லன்னா சும்மா கிடக்கும்.

இனி கணக்குக்கு வாறேன். நீ அனுப்பின ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தோட 2014ஆம் வருஷக் கையேட்டை அடுத்த வீட்டுப் பிள்ளை வாசிச்சுச் சொன்னா. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம், காய்க்கிற செடின்னா 50 முதல் 80. நம்ம பாத்தி மூணு சதுர மீட்டர், 150 கிராம் தீவனம் போதும். மே மாசம் 150 மீனுக்கு ஒரு நாளைக்கு நான் போட்டது முக்கால் கிலோ! மிச்சம் அத்தனையும் வாழைக்குப் போச்சு. அப்ப இருந்த மீனுக்கே பாத்தி பத்தல, இதுல இன்னொரு தொட்டி எதுக்கு?

ஆனா இப்ப நீ வந்து பாத்தேன்னா செடி அடி இலையிலிருந்து மஞ்சளடிச்சு நிக்குது. நம்ம வியாபாரம் எப்படி ஓடுதுன்னு உனக்குத் தெரியும். ஜூன் 1லிருந்து ஜூலை 31 வரை குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது, அயிலையும் சாளையும் விலை ஏறும், அப்பத்தான் நம்ம ஊர்க்காரன் தொட்டி மீனைத் திரும்பிப் பாப்பான். டிசம்பர்ல குஞ்சு விட்டு ஜூன், ஜூலையில தொட்டியை அரிச்சு வித்துருவோம். இப்ப மிச்சம் பன்னிரண்டு மீன். அதுங்க தின்னு கழிக்கிறதுல மூணு மீட்டர் செடி எப்படிப் பிழைக்கும்? புதுக் குஞ்சு விட்டாலும் பாத்தி நிமிர ரெண்டு மாசமாவது ஆகும். இந்த முடிச்சை அவிழ்க்காம எத்தனை தொட்டி கட்டினாலும் வருஷா வருஷம் ஆடியில செடி வாடும்.

அதனால தொட்டியை வலை கட்டி மூணாப் பிரிக்கப் போறேன். ஒவ்வொண்ணுலயும் 50 மீன், ரெண்டு ரெண்டு மாச இடைவெளியில. ஒரு கூட்டம் ஜூன் ஆரம்பத்துல, இன்னொண்ணு ஜூலை கடைசியில, ரெண்டுக்கும் நல்ல விலை கிடைக்கும். மூணாவது கூட்டம் ஓணம் கழிஞ்சுதான் வரும், அதுக்கு விலை குறையும். குறையட்டும். தீவனம் வருஷம் பூரா ஒரே மட்டத்துல ஓடினா இன்னும் ரெண்டு பாத்தி தாங்கும். மீனுக்கு வாறவங்க கையில ரெண்டு கட்டுக் கீரை, ஒரு பிடி புதினா கொடுக்கலாம். போன மாசம் ஒரு அக்கா மீன் வாங்காம கீரைக்குன்னே வந்தா.

பணம் அனுப்பியே தீருவேன்னா, தண்ணியில காத்து ஊதுற ஏரேட்டருக்கு ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்க அனுப்பு. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்புறம் நாள்கணக்கா கறண்டில்லாம கிடந்தோமே, நினைவிருக்கா? இந்த ஜூன் மழையிலயும் ஒரு ராத்திரி போச்சு. மீன் வாயைப் பிளந்துகிட்டு மேலே வந்துட்டுது. நானும் அப்பாவும் வாளியில கோரி உயரத்திலிருந்து ஊத்தி ஊத்தி விடிய வச்சோம். அப்பாவுக்கு அந்தத் தோள் வலி இன்னும் விடல, உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு. ஐப்பசி மழைக்கு முன்னே அது வந்துட்டா எனக்கு நிம்மதி.

நேரத்துக்குச் சாப்பிடு. வரும்போது தண்ணி பி.எச். பாக்குற சொட்டு மருந்துப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வா, இங்க வாங்கினது தீரப்போகுது.

அம்மா